ஒரு வழவழப்பின் பிடிவாதம்

பிரஷர் மானியின் முள் நேற்று இருந்த இடத்தில் இல்லை. சிஐடி அதன் கண்ணாடியை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். முள் லேசாகத் துள்ளிவிட்டு, இன்னும் ஒரு கோடு மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

"தட்டினா இறங்கும்னு பார்த்தா ஏறுதே!" என்றார்.

சிஐடி என்றதும் போலீஸ்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர் பிளாண்டு ஆபரேட்டர் அவர். எதைப் பார்த்தாலும் ஏன், எதனால் என்று துருவாமல் விடமாட்டார். மூன்றாம் மாடிக்காரர் திடீரென்று மீசையை எடுத்தபோது, ஏன் எடுத்தார் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் அலைந்தவர். அதிலிருந்து குடியிருப்பில் அவருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

பிளாண்டு ஒன்றும் மாயமந்திரம் இல்லை. போர் தண்ணீர் உப்பு. அதை வடிகட்டி, பெரிய மோட்டாரால் அழுத்தி, நீளக் குழாய்களுக்குள் சுருட்டி வைத்திருக்கும் மெம்பரேன் என்ற சவ்வு வழியாகத் தள்ளுவார்கள். உப்பு இந்தப் பக்கமே நின்றுவிடும், நல்ல தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் போகும். சவ்வின் மேல் ஏதாவது போய் அப்பிக்கொண்டால் தண்ணீருக்கு வழி கிடைக்காது. முள் ஏறும், தண்ணீர் குறையும், குடியிருப்புக்காரர்கள் வாளியோடு கீழே இறங்கி வருவார்கள்.

அன்றைக்கு வாளிகளுக்கு முன்னால் சங்கத்துச் செயலாளர் இறங்கி வந்தார்.

"வெள்ளிக்கிழமை ஒரு ஆராய்ச்சி மேடம் வர்றாங்கய்யா. நம்ம பிளாண்டு பத்தி விவரம் கேட்டாங்க, அனுப்பிட்டேன். எத்தனை தடவை கழுவினாலும் திரும்பத் திரும்ப அடைக்குதுன்னு நீ புலம்புவியே, அதையும் சொல்லிட்டேன்."

"ஐயோ சார், அதை ஏன் சார் சொன்னீங்க?"

"கேட்டா சொல்லணும்ல? அவங்க வந்து பார்த்துட்டு சரின்னா பிளாண்டு இருக்கும். இல்லேன்னா மூடிட்டு லாரித் தண்ணி வாங்கிக்கலாம்னு கமிட்டியில முடிவு."

பம்பு ரூமை ஒட்டிய இரண்டு அறைதான் சிஐடியின் வீடு. மகளுக்கு இது கடைசி வருஷப் படிப்பு, பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

"பிளாண்டை மூடிட்டா எங்க வீடு சார்?"

"பிளாண்டே இல்லாதப்போ ஆபரேட்டருக்கு எதுக்குய்யா வீடு?" என்று நியாயமாகக் கேட்டுவிட்டுச் செயலாளர் லிஃப்டில் ஏறிப் போய்விட்டார்.

சிஐடி முதல் வேலையாக மச்சினனுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி. உப்புப் படியாமல் தடுக்கும் படிவு மருந்து விற்கிற கம்பெனியில் விற்பனையாளன். பைக்கில் பறந்து வந்து, முள்ளைத் தூரத்திலிருந்தே ஒரு பார்வை பார்த்தான்.

"உப்புப் படிவுதான் மாமா. கெட்டில் அடியில வெள்ளையாப் படியுமே, அதே கேஸு. படிவு மருந்தை ரெண்டு மடங்கு ஊத்துங்க."

"எதை வச்சுடா சொல்ற?"

"அனுபவம்தான் மாமா."

"நீ வேலைக்குச் சேர்ந்தே ரெண்டு மாசம்தான ஆச்சு?"

"இந்த ரெண்டு மாசமா எல்லாருக்கும் இதைத்தான் சொல்லிட்டு இருக்கேன்."

இரண்டு மடங்கு ஊற்றினார். மறுநாள் முள் இறங்கவில்லை, ஜம்மென்று இன்னும் ஏறியிருந்தது. சரி, ஏற்கெனவே படிந்த உப்பைக் கரைத்தால்தான் சரிப்படும் என்று அமிலம் கலந்து மெம்பரேனைக் கழுவ ஆரம்பித்தார். சாப்பாடு கொண்டுவந்த மனைவி வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இது நெடி?"

"அமிலம். அழுக்கு போறதுக்கு."

"பிசுக்குப் பிடிச்ச சட்டியில எலுமிச்சம்பழத்தைத் தேய்ச்சா போகுமா? சோப்புதானே போடணும்?"

"பிசுக்குன்னு யாரு சொன்னா? இது உப்பும்மா. கெமிஸ்ட்ரி. உனக்குப் புரியாது."

"புரியாட்டிப் போகுது. சாப்பாடு ஆறுது" என்று டிபன் கேரியரை வைத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

கழுவி முடித்து மோட்டாரைப் போட்டார். முள் விறுவிறுவென்று ஏறிச் சிவப்புக் கோட்டை உரசியது. மேலே நான்கைந்து வீடுகளில் குழாய் இருமத் தொடங்கியது. வாளிகள் வந்தன. வாளிகளோடு வசவும் வந்தது.

"ஏன்யா, தண்ணிதான் வரலேன்னா காத்தாவது ஒழுங்கா வரக்கூடாதா?" என்றார் மீசையில்லாத மூன்றாம் மாடிக்காரர்.

வேறு ஆளாக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். சிஐடிக்கோ உள்ளே அரிப்பு எடுத்துவிட்டது. உப்பென்றால் அமிலத்துக்குக் கரைய வேண்டும். கரையவில்லை. அப்படியானால் உள்ளே இருப்பது யார்? குழாயின் மூடியைக் கழற்றி ஒரு மெம்பரேன் உருளையை வெளியே இழுத்தார். பம்பு ரூமில் அதைப் பிரிக்க இடமில்லை. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், கத்தியால் கீறி, தரையில் விரித்தார். பாய் விரித்தது போல் விரிந்துகொண்டே போய்க் கட்டிலுக்கு அடியில் நுழைந்தது. அதன் மேல் காப்பித்தூள் நிறத்தில் ஒரு வழவழப்பு, முழுக்க முழுக்க.

"அப்பா, இது என் ரூம்!" என்று மகள் கட்டிலின் மேல் ஏறி நின்றாள்.

"கொஞ்சம் பொறும்மா. அந்த வினிகர் பாட்டிலை எடு."

வழவழப்பின் மேல் இரண்டு சொட்டு விட்டார். காதை வைத்துக் கேட்டார். நுரையும் இல்லை, சத்தமும் இல்லை.

"சுண்ணாம்புப் படிவா இருந்தா இந்நேரம் பொங்கியிருக்கணும். இது உப்பே இல்ல!" என்று குதித்தார். அடுத்து, கரண்டியில் கொஞ்சம் வழித்து அடுப்பில் காட்டினார். வீடு முழுக்க முடி கருகுகிற நாற்றம்.

"என் கரண்டி!" என்று மனைவி அலறினாள்.

"கரண்டி கிடக்கட்டும். முடி கருகுற வாசனை வருது பாரு. இது உசுரு உள்ள சமாச்சாரம். கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க கூட்டமா வந்து உக்காந்து, தங்களைச் சுத்திப் பசையா ஒரு வீடு கட்டியிருக்குங்க."

"அதுங்க வீடு கட்டட்டும். நம்ம வீடு போகப் போகுதே, அதைப் பாருங்க!"

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்த கையோடு அடுத்த கேள்வியும் வந்தது. வீடு கட்டிக் குடியிருக்கிறவன் சாப்பிட வேண்டாமா? சாப்பாடு எங்கிருந்து வருகிறது? மறுபடி மச்சினனுக்குப் போன்.

"உன் மருந்துல என்னடா இருக்கு?"

"பாஸ்பரஸ் சேர்ந்த சமாச்சாரம் மாமா."

"செடிக்குப் போடுற உரத்துல இருக்குமே, அந்தப் பாஸ்பரஸா?"

"அதே குடும்பம்தான்."

"அடப்பாவி! அப்ப நான் ரெண்டு மடங்கு ஊத்தினது கிருமிக்கு உரமாடா?"

"தரமான உரம் மாமா. அதுல நம்ம கம்பெனியைக் குறை சொல்ல முடியாது."

சிஐடி போனை வைத்துவிட்டுப் படிவு மருந்தைப் பழைய அளவுக்கும் கீழே குறைத்தார். பிறகு, மனைவி பார்க்காத நேரமாகப் பார்த்து, சோப்பு மாதிரி வேலை செய்கிற காரத்தைக் கலந்து மெம்பரேன்களை ஊறவைத்தார். அவள் சொன்னது சரிதான். முதலில் காரம், அப்புறம்தான் அமிலம். அதை முதல் நாளே செய்திருந்தால் ஒருவேளை போயிருக்கும். இப்போது அமிலம் பட்டு வழவழப்பு தயிர் உறைந்த மாதிரி இறுகிப்போயிருந்தது. மேல்தோல் மட்டும் உரிந்து வந்தது. முள் கொஞ்சம் இறங்கியது. அவர் பெருமூச்சு விட்டுத் தூங்கப் போனார்.

காலையில் முள் பழையபடி சிவப்புக் கோட்டில் நின்றது. மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். வழவழப்பு முன்னைவிடக் கெட்டியாக, பளபளவென்று வளர்ந்திருந்தது.

"அம்மாடி! என்னா பிடிவாதம்!" என்று வாய்விட்டுச் சொன்னார். சொல்லப்போனால், அவருக்கு அதன் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. அமிலம் கொடுத்தால் இறுகுகிறது, காரம் கொடுத்தால் சட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் புதுசு போட்டுக்கொள்கிறது, சாப்பாட்டைக் குறைத்தாலும் இளைக்கமாட்டேன் என்கிறது. வேறு சமயமாக இருந்தால் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்திருப்பார். ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை. மகள் கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டிலை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

ஆகவே, எந்த ஆபரேட்டரும் செய்யக்கூடாததைச் செய்தார். குளோரினைக் கலந்து உள்ளே விட்டார். குளோரின் பட்டால் கிருமி சாகும், அது எல்லோருக்கும் தெரியும். மெம்பரேனும் சாகும், அது ஆபரேட்டருக்குத் தெரியும். சவ்வின் மேல்தோல் இத்துப்போய்விடும். கொஞ்சமாக விட்டால் தாங்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, அவசரத்தில் நிறையவே விட்டுவிட்டார்.

சாயங்காலம் மோட்டாரைப் போட்டார். முள் கிடுகிடுவென்று இறங்கியது. தண்ணீர் பீறிட்டுப் பாய்ந்தது. பிளாண்டு வைத்த நாளில்கூட அப்படி வந்ததில்லை.

"ஜெயிச்சிட்டோம்!" என்று கத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடி மனைவியின் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்தார். அவள் ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது.

"இதுல ஏங்க உப்புப் போட்டீங்க?"

டம்ளரை வாங்கி ருசி பார்த்தார். போர் தண்ணீர் அப்படியே வந்துகொண்டிருந்தது. கிருமியோடு சவ்வும் போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு எதுதான் உப்பைத் தடுக்கும்?

செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டி, ஸ்டோர் ரூமில் பூட்டி வைத்திருந்த புது மெம்பரேன்களைக் கேட்டு நின்றார்.

"இதுதான் கடைசி செட்டு. இதுவும் போச்சுன்னா வேற கிடையாது, தெரியும்ல?" என்றார் செயலாளர்.

"தெரியும் சார். நாளைக்கு மேடம் முன்னாடி மானம் போகாம இருந்தாப் போதும்."

புது உருளைகளை மாட்டினார். குழாய், வடிகட்டி, தொட்டி, வளைவு, முடுக்கு என்று ஒன்று விடாமல் தேய்த்துக் கழுவினார். பழைய உருளைகளையெல்லாம் கட்டி, பழைய சாமான் லாரியில் ஏற்றி, அது தெருமுனை திரும்புகிறவரை நின்று பார்த்தார். மகள் ரூமில் விரித்திருந்ததையும் மனைவி சுருட்டி அதே லாரியில் எறிந்துவிட்டாள், கரண்டியோடு சேர்த்து.

வெள்ளிக்கிழமை ஆராய்ச்சி மேடம் வேனில் வந்து இறங்கினார். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் ஆவலாக அலைந்தன. பம்பு ரூமுக்குள் வேகமாக வந்தவர், பிரஷர் மானியைப் பார்த்ததும் சட்டென்று நின்றார்.

"முள் இவ்வளவு கீழ இருக்கே?"

"ஆமாங்க மேடம்!" சிஐடிக்கு நெஞ்சு விரிந்தது.

"இங்க அடைப்பு ரொம்பன்னு சொன்னாங்களே?"

"அது போன கதை மேடம். அமிலம் போட்டேன், அசையல. காரம் போட்டேன், மறுநாளே முளைச்சிடுச்சு. கடைசியில குளோரினைக் காட்டி அடியோட ஒழிச்சுட்டேன்."

"பழைய மெம்பரேன் ஒண்ணாவது வச்சிருக்கீங்களா?"

"ஒண்ணு விடல மேடம்! குழாய்ல விரலை விட்டுப் பாருங்க, ஒரு துளி வழவழப்பு இருந்தா என் பேரை மாத்திக்கிறேன்."

மேடம் உண்மையிலேயே விரலை விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்தார். சுத்தமான விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "செயலாளர் எங்க இருக்காரு?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் படியேறிப் போனார்.

குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை போல, அதான் முகம் வாடிவிட்டது என்று சிஐடி நினைத்துக்கொண்டார். வாசலில் நின்ற மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவளும் நாள் கணக்கில் அடக்கி வைத்திருந்த சிரிப்பைச் சிரித்தாள்.

வேன் பக்கம் போனார். டிரைவர், இறக்கி வைத்திருந்த ஐஸ் பெட்டிகளையும் காலிக் கண்ணாடி ஜாடிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார். துருவாமல் விடுகிற ஆளா அவர்?

"இதெல்லாம் எதுக்குத் தம்பி கொண்டாந்தீங்க? ஏன் திரும்ப ஏத்துறீங்க?"

டிரைவர் ஒரு ஜாடியைக் கையில் பிடித்தபடி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எந்த மருந்துக்கும் சாகாத அழுக்கு எங்கயாவது கிடைக்காதான்னு மேடம் ஊர் ஊரா அலைஞ்சு, கடைசியில உங்ககிட்டதான் இருக்குன்னு கண்டுபிடிச்சு, இந்த பிளாண்டையே ஆராய்ச்சிக்கு எடுத்து, அதைப் போட்டு வளர்த்த உங்களையே நிரந்தரமா வேலைக்கு வச்சுக்கலாம்னு வந்தாங்க அண்ணே... நீங்க என்னடான்னா, எல்லாரையும் மாதிரி சுத்தமா வச்சிருக்கீங்க!"