ஏர்ளுக்கு நான் போர்த்திய பொன்னாடை

மரியாதை செய்வதில் எங்கள் ஆட்களை அடிக்க ஆளில்லை. அந்த மரியாதையாலேயே ஒரு பாவப்பட்ட மனிதரின் பிழைப்பில் மண்ணள்ளிப் போடப் பார்த்தவன் நான்.

தொண்ணூறுகளில், வெளிநாட்டுக்கு வந்த புதிதில், பார்க்டேல் என்ற இடத்தில் ஒரு பாரில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். (ஊரில் கேட்டால், நான் ஹோட்டல் மனேச்சர்.) அங்கே தரை துடைத்தவர் ஏர்ள். 1950களில் அவர் தானே எழுதிப் பாடிய கன்ட்ரி என்கிற வெள்ளைக்கார நாட்டுப்புறப் பாட்டுகள் ரேடியோவில் ஓடினவாம். பிறகு காலம் மாற, ஆளை எல்லாரும் மறந்துவிட்டார்கள். பாட இடம் கேட்டு அவர் நச்சரிக்க, ஒருநாள் முதலாளி மனமிரங்கி, "இந்தச் சனிக்கிழமை பாடு. கூட்டம் வந்தால் ஒவ்வொரு சனியும் உனக்கு. வராவிட்டால் இந்தப் பேச்சை விட்டுவிடு" என்றார்.

ஏர்ளின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்துக்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

"தண்ணியடிக்கிற இடத்துக்கு ஆரப்பா வருவினம்?" என்றாள் என் மனைவி ராணி.

"கலைஞர் கௌரவிப்பு எண்டு சொல்லுறன். வராமல் விடுவினமே?"

வந்தார்கள். பட்டுச்சேலை, வேட்டி, மீன் ரோல்ஸ், ஃபிளாஸ்க் நிறையத் தேத்தண்ணீர். பார் நிரம்பி வழிந்தது, ஒரு பியர்கூட விலைப்படவில்லை. முதலாளி என்னையே முறைத்துக்கொண்டிருந்தார்.

ஏர்ள் கிட்டாரை மீட்டியபடி கண்ணை மூடி, மனைவி விட்டுப்போன சோகத்தை உருகிப் பாடினார். எனக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது. பாட்டு முடியும்வரை பொறுத்திருக்கலாம். பொறுத்தேனா? மேடையேறிப் பொன்னாடையைப் போர்த்தினேன். கிட்டார் உள்ளே போய்விட்டது. நான் தொடங்கினால் மற்றவர்கள் விடுவார்களா? பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம், வாசகர் வட்டம் என்று ஆளுக்கொரு பொன்னாடையோடு வரிசையில் வந்தார்கள். கடைசியில் ஏர்ளின் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. பாட்டு நின்றுவிட்டது. மனிதரின் சனிக்கிழமைகளை நானே பாழாக்கிவிட்டேன்.

பொன்னாடைகளுக்கு உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஏர்ள் தலையை வெளியே நீட்டிக் கண்ணைத் துடைத்தார். "இத்தனை வருடத்தில் எனக்கு ஒருவரும் கைகூடத் தட்டவில்லை" என்றார். பிறகு முதலிலிருந்து பாடினார். நாங்கள் தாளம் போட்ட போட்டில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்து உள்ளே வந்தார்கள். நல்லகாலம், அவர்கள் குடித்தார்கள்.

முதலாளி ஏர்ளிடம் சொன்னார்: "சனிக்கிழமை உன்னுடையது. ஆனால் கோப்பை கழுவுகிறவன் குசினியை விட்டு வெளியே வரக்கூடாது."

போன வருடம் மகளின் கலியாணத்தில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, நான் கால் விறைத்து எழும்பினேன். ராணி மட்டுமல்ல, மண்டபமே ஒரே குரலில் சொன்னது:

"இருங்கோ, மனுசன் முடிக்கட்டும்."