ஒரு ஸ்டோன் போக வேண்டும்

ஒரு ஸ்டோன் குறைத்தால்தான் முழங்கால் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதினான்கு பவுண்டு. இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் ஆள் எடை என்றால் ஸ்டோன்தான். கிலோவெல்லாம் கடையோடு சரி. மே மாதம் புல்வெளிப் பந்தாட்டத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்த நாரிஸ், காலையும் மாலையும் முட்டைக்கோஸ் தின்னத் தொடங்கினார்.

வேலியோரம் பேசும்போது பக்கத்து வீட்டு பொஷேனாவிடம், "ஒரு ஸ்டோன் போகணுமாம்" என்று மட்டும் சொன்னார். போலந்திலிருந்து வந்து நான்கு மாதம்தான் ஆன அவள், புருஷனிடம் கேட்டுவருவதாகச் சொல்லி உள்ளே போனாள்.

மாலையில் பியரோகியோடு வந்தாள். உருளைக்கிழங்கு அடைத்து வெண்ணெயில் புரட்டிய கொழுக்கட்டைகள், இருபது இருக்கும்.

நாரிஸ் தனிக்கட்டை. அந்தத் தெருவில் பத்தொன்பது வருடமாக அவர் உடம்பைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை. நெஞ்சு நெகிழ்ந்து, ஒன்றுவிடாமல் தின்று தீர்த்தார்.

மறுநாள், ஸ்டோன் போய்விட்டதா என்று கேட்டாள். இன்னும் போகவில்லை என்று உள்ளதைச் சொன்னார். அன்று மாலை பன்றிக்கறிக் குழம்பு வந்தது. அடுத்த வாரம் ஆறு பாட்டில் பீர்.

"குடிங்க மிஸ்டர் நாரிஸ். கிட்னியில இருக்கிற கல்லு கரைஞ்சு வெளியே வந்துடும்."

அப்போதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. ஆனால் உண்மையைச் சொன்னால் அந்த முகம் வாடிவிடுமே. பாதி போய்விட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தார். அதைக் கொண்டாட ஒரு பெரிய பாலாடைக்கட்டி கேக் வந்தது.

மாத முடிவில் நர்ஸ் எடை பார்த்தாள். அரை ஸ்டோன் கூடியிருந்தது. ஆபரேஷன் மூன்று மாதம் தள்ளிப்போனது.

அன்றே நொண்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். பொஷேனா வேலைக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்த அவள் புருஷன் ஸ்லாவெக்கிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். இத்தனை அன்பான சாப்பாட்டுக்குச் சாகும்வரை நன்றி, ஆனால் போக வேண்டியது உடம்பின் எடை என்று அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிடும்படி கேட்டார்.

ஸ்லாவெக் தெருவை இருபுறமும் பார்த்தான். இடுப்பில் நழுவிய கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நாரிஸின் கையை இரண்டு கைகளாலும் பற்றினான்.

"நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும், மிஸ்டர் நாரிஸ். ஸ்டோன்னா கிட்னிக் கல்லுன்னு அவகிட்ட சொன்னதே நான்தான். அவ சமையல் பூரா உங்க வீட்டுக்கு வந்ததுலதான், டாக்டர் சொன்ன ஒரு ஸ்டோன் எனக்குக் குறைஞ்சுது."