ஹால் செவுத்து மச்சான்

இருவத்தஞ்சாவது கல்யாண நாளுக்குள்ள ஹால் செவுத்துலேர்ந்து மச்சானக் காலி பண்ணிடணும்னு கொளஞ்சியப்பன் முடிவு கட்டிட்டாரு.

மச்சான் சிங்காரவேல் குடியிருக்கிறது முத்தாண்டிக்குப்பத்துல. ஆனா ஹால்ல மாட்டியிருக்கிற கல்யாண போட்டோவுல மாப்பிள்ளையோட ஒட்டிக்கினு நிக்கிறாரு. அதுவும் அம்மாம்பெரிய மீசையோட. குவார்ட்டர்சுக்கு வர்றவங்க எல்லாம் ஒரே கேள்விதான். "இதுல மாப்பிள்ள யாரு?"

போட்டோ மங்கிப் போனது நல்லதாப் போச்சு. "கம்ப்யூட்டர்ல ஏத்தி சரி பண்ணிடலாம். நல்ல சாப்ட்வேரா பாக்கணும்"னாரு பொண்டாட்டி செல்லக்கிளிகிட்ட. கூட வேல பாக்குற ஜெயப்பிரகாஷ் ஏற்கெனவே காதுல போட்டிருந்தான்: "பெரிய சாப்ட்வேர்னா ஆளயே தூக்கிட்டு அங்க வாழமரம் வெச்சிடலாண்ணே."

கொளஞ்சியப்பனுக்கு மைன்ஸ் ஸ்டோர்ஸ்ல வேல. அங்க ஒரு போல்ட்டு வாங்கறதுன்னாலும் மொதல்ல தேவைய எழுதணும். மூணு கொட்டேஷன் வாங்கணும். எழுதுன தேவைக்குப் பொருந்துறதுல வெல கம்மியானத எடுக்கணும். வூட்டுலயும் அதே சட்டம். மிக்சியே அப்பிடித்தான் வந்துச்சு.

செல்லக்கிளி நோட்டக் கொண்டாந்து வெச்சா. "எழுதுங்க. என்னா தேவை?"

"கலர் தெளிவா வரணும்."

"அப்புறம்?"

"கீறல் போவணும்."

"வேற எதனா போவணுமா?"

கொளஞ்சியப்பன் அவ மூஞ்சியப் பாத்தாரு. ஒண்ணும் புடிபடல.

"வேற... ஒண்ணுமில்ல."

"கையெழுத்து போடுங்க."

போட்டாரு. போடும்போதே மனசு உறுத்துச்சு. எத்தினி ஆபீசருங்க மனசுல ஒண்ண வெச்சிக்கினு பேப்பர்ல வேற ஒண்ண எழுதியிருக்காங்க! கடைசியில வந்த பொருளப் பாத்து அவங்க முழிக்கிறப்ப, இவரு எத்தினி வாட்டி சிரிச்சிருக்காரு.

மூணு நாளு அலசுனாரு. ஒரு சாப்ட்வேர் மொத்தமா காசு குடுத்து வாங்குறது. இன்னொண்ணு மாசாமாசம் பணம் கட்டுறது. ரெண்டும் ஆளத் தூக்கும். மூணாவது கொட்டேஷன்தான் கெடைக்கல.

"மூணாவது என்னுது"ன்னு செல்லக்கிளி செல்போன நீட்டுனா. மவ இசைப்பிரியா அதுல ஏத்திக் குடுத்த ஆப்பு. காசு கெடையாது. செவுத்துப் போட்டோவ அதுல படம் புடிச்சி ரெண்டு தட்டு தட்டுனா. கீறல் போச்சு. கலர் வந்துச்சு. மச்சான் மீச ஒவ்வொரு முடியாத் தெரிஞ்சிச்சு.

"இது ஆளத் தூக்காதே!" வாய் தவறிடுச்சு.

"நோட்டுல அப்பிடி எதுவும் இல்லியே?"

"உங்கண்ணனுக்கு அங்க என்னாடி வேல? எதுக்கு என்ன ஒட்டிக்கினு நிக்கணும்?"

செல்லக்கிளி செல்போன அவரு பக்கம் திருப்புனா. ரெண்டு வெரலால படத்தப் பெருசாக்குனா. இத்தினி வருசமா மங்கிக் கெடந்த எடத்துல, மாப்பிள்ள இடுப்புக்குப் பின்னால ஒரு கை தெரிஞ்சிச்சு. புதுப் பட்டு வேட்டிய கொத்தாப் புடிச்சிக்கினு இருந்துச்சு.

கொளஞ்சியப்பனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துச்சு. வழுக்கி வழுக்கி எறங்குன வேட்டி. மேடையேறுனதுலேர்ந்து பந்தி முடியற வரைக்கும் வுடாத மச்சான் கை. அத யாருகிட்டயும் மூச்சு வுடாத மனுசன்.

"பெரிய சாப்ட்வேரே வாங்குங்க, எங்கண்ணனத் தூக்கிடலாம்"னா செல்லக்கிளி. "வேட்டிய யாரு புடிச்சிக்குவாங்கன்னு மட்டும் நோட்டுல எழுதிடுங்க."

கொளஞ்சியப்பன் கட்டியிருந்த லுங்கிய ஒருவாட்டி இறுக்கிக்கினு, மச்சானோட சேத்தே போட்டோவ மாட்ட நல்ல பெரிய ஆணியாத் தேடப் போனாரு.