பில்முத்துவும் முத்துபில்லும்

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஓர் இடத்தில் நிற்கத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் முதலாளிதான். கடைக்குப் போனால் பைக்கை அணைக்கவே மாட்டார். வெளியே அது உறுமிக்கொண்டிருக்கும். உள்ளே இவர் கம்ப்யூட்டரைச் சரிசெய்துவிட்டு, கடைக்காரர் டீ சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஊரில் இருப்பார். அதனால் ஊருக்கெல்லாம் அவர் 'ஸ்டார்ட்டிங் சார்'.

கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் ஒன்றை அவரே எழுதி, 'பில்முத்து' என்று பெயரும் வைத்திருந்தார். ஆபீசில் போன் எடுப்பது என் வேலை. ஒருநாள் சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவர்கள் சாஃப்ட்வேர் பெயர் 'முத்துபில்'. டிரேட்மார்க் வாங்கியிருக்கிறார்களாம். எங்கள் பெயரால் வாடிக்கையாளர்கள் குழம்புகிறார்களாம். உடனே மாற்ற வேண்டுமாம்.

சார் கொதித்துப்போனார். "பெத்த புள்ளைக்கு வச்ச பேர மாத்துவாங்களா? எவன் கொழம்புறான்? கடைக்காரன் என்ன கைக்கொழந்தையா?"

எங்கள் வக்கீல் நிதானமானவர். "யாரும் கொழம்பலன்னு நாலு கடைக்காரங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. பேரக் காப்பாத்திரலாம்" என்றார். கடைசி வார்த்தை வரும்போது சார் பாதிப் படி இறங்கியிருந்தார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

முதலில் இலுப்பூர் உரக்கடை.

"அண்ணே, பில்முத்துல ஒங்களுக்கு ஏதாச்சும் கொழப்பம் உண்டா?"

"பில்முத்தா? யாரு, ஒங்க ஆபீசுல புதுசா சேந்துருக்காரா?"

தினமும் அவர் கண்ணெதிரே கொட்டை எழுத்தில் இருக்கிற பெயர்! சார் திரையைக் காட்டினார்.

"அத யாரு சார் படிச்சா? நாங்க ஸ்டார்ட்டிங் சார் பில்லுன்னுதான் சொல்லுவோம்."

சாரின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் குழப்பம் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு கீரனூருக்கு விரட்டினார். திருச்சி பஸ்களை அவர் முந்திய விதத்தில், பின்னால் உட்கார்ந்திருந்த நான் வேண்டாத சாமி இல்லை.

கீரனூரில் மேரியக்காவின் மருந்துக்கடை. பிரிண்டர் மக்கர் செய்தால் சார் ஓடோடிப்போய்ச் சரிசெய்து தரும் கடை.

"எனக்கென்ன சார் கொழப்பம்?" என்றார் மேரியக்கா. "எங்கிட்ட இருக்கறது மெட்ராஸ்காரங்க முத்துபில்லு. அவங்க போனே எடுக்க மாட்டாங்க. நீங்கதான் கூப்பிட்டதும் ஓடியாந்து பாத்துத் தாரீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிராளியின் சரக்கை இத்தனை நாளும் ஓசியில் ரிப்பேர் பார்த்திருக்கிறோம்! பெயரை வாசிக்கும் அளவுக்கு இந்த மனிதர் எங்கே நின்றார்?

சார் திரையையே பார்த்தார். பிறகு கேட்டார்: "பிரிண்டர் இப்ப நல்லா ஓடுதாங்க?"

வெளியே வந்ததும் அவர் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். "இத வக்கீல்கிட்டச் சொல்லாதீங்க சார். நாம இங்கிட்டு வந்ததே யாருக்கும் தெரியாது."

"யாருமே கொழம்பலன்னு வக்கீல் பதில்ல நான் எப்படிப்பா கையெழுத்துப் போடுறது? கொழம்புனவன் நான்தான?"

நேரே போய்ச் சொல்லியும் விட்டார். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். பெயர் போயிற்று.

மறுநாள் எல்லோரும் உம்மென்று உட்கார்ந்து புதுப் பெயர் யோசித்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. மேரியக்காதான். பிரிண்டரில் பில் வரவில்லையாம். சென்னைக்கே கூப்பிடுங்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"வாரேன்னு சொல்லுப்பா!" குரல் படிக்கட்டிலிருந்து வந்தது.

சொன்னேன். சொல்லும்போது, இவரிடம் வேலை பார்ப்பதில் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.