மாப்பிள்ளை தைத்த போர்வை

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தீர்கள் என்ற பெருமை உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் சாதாரண முட்டாள் இல்லை. சாதாரண முட்டாளுக்கு ஒன்றும் தோன்றாது, சும்மா இருப்பான். எனக்கோ எதைப் பார்த்தாலும் 'இதை இப்படிச் செய்து பார்த்தால் என்ன ஆகும்?' என்று தோன்றும். தோன்றியதைச் செய்தும் விடுவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் (தேயிலை ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) தூள் சலிக்கும் இடத்தில் எனக்கு வேலை. மனைவி பாக்கியம் தலைப்பிரசவத்துக்கு இறம்பொடையில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். ஆண் பிள்ளை. பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும், மார்கழியில், இரண்டு பேரையும் அழைத்துவரப் போனேன். அத்தை, அதாவது என் மாமியார், வாசலிலேயே மறித்துவிட்டார்.

"ஒங்க பக்கத்துக் குளிரு எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை? ஒங்க காம்பராவுல சுவத்துல தண்ணி வடியுது. புள்ளைய எதுல சுத்திப் படுக்க வைப்பீங்க?"

"கடையில ஒரு போர்வை வாங்கிருவோம் அத்தை."

"கடைத்துணி பச்சப்புள்ளைக்கு ஆகாது. நல்லா வாழ்ந்தவங்க உடுத்தின பழந்துணியா இருக்கணும். அப்பதான் அவங்க ஆயுசு புள்ளைக்கு ஒட்டும். நல்ல போர்வையா ஒன்னு கொண்டாங்க, கூட்டிக்கிட்டுப் போங்க. இல்லாட்டி சித்திரை பொறக்கட்டும்."

சித்திரைக்கு இன்னும் நாலு மாதம் கிடந்தது. நாலு மாதம் நானே ரொட்டி சுட்டு, அதை நானே தின்ன வேண்டும். (முதலாவதுகூடப் பரவாயில்லை.) தவிர, பிள்ளை என் விரலைப் பிடிக்கக் கற்றிருந்தான். நாலு மாதத்தில் அதை மறந்து வேறு யார் விரலையாவது பிடித்துக்கொள்வான் என்று ஒரு பயம் வந்துவிட்டது.

"நானே தைச்சுக் கொண்டாரேன் அத்தை" என்றேன்.

மாமா வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பாக்கியம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். புருஷனை நினைத்து நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

துணி சேர்ப்பது நான் நினைத்ததைவிடச் சுவாரசியமாக இருந்தது. ஒற்றை அறைக் காம்பராக்களை வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் ஒரு வீடு விடாமல் கேட்டேன். ஒரு கிழிந்த சேலையைக் கேட்டால் அதன் கதையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எந்தத் தீபாவளிக்கு எடுத்தது, எந்த முள்ளில் கிழிந்தது, இதைக் கட்டிக்கொண்டு யார் யாரோடு சண்டை போட்டார்கள், எல்லாம். துணியைவிடக் கதைக்காகவே இரண்டு வீட்டுக்கு மறுபடி போனேன். கடைத்தெருத் தையல்காரர் வெட்டியும் பிரித்தும் மிஞ்சிய துண்டுகளை ஒரு பையில் அள்ளிக் கொடுத்தார். அவற்றுக்கு மட்டும் கதை இல்லை. அடித்துணிக்குக் கோதுமை மா வந்த பழைய துணிப் பைகள் கிடைத்தன.

மூன்று ஞாயிற்றுக்கிழமை காம்பராவின் முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து தைத்தேன். ஒரு ஆம்பிளை லயத்து வாசலில் உட்கார்ந்து ஊசி கோப்பதைப் பார்க்கக் கீழே உள்ள பணிய லயத்திலிருந்துகூட ஆள் வந்தது. பக்கத்துக் காம்பரா செல்லம்மா அக்கா ஒரு நாளைக்கு நாலு தடவை குடத்தோடு கடந்து போவார். அவர் வீட்டில் அவ்வளவு தண்ணீர் செலவு கிடையாது.

"ஏன் தம்பி, தையலு எந்தப் பக்கம் போகுது?"

"நேராத்தான் போகுது அக்கா."

"ஆமா, நம்ம குறுக்குப் பாதை மாதிரி நேரா."

"வேணும்னா நீங்க தைச்சுக் குடுங்களேன்."

"நான் தைச்சா நேரா வந்துரும். அப்புறம் யாரு பாக்க வருவா?"

சேலைகளை மூன்று நான்கு மடிப்பாக வைத்து ஓட்டுத் தையல் போடுவதுதான் எங்கள் ஆட்களின் முறை. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. துரை பங்களா சமையல்காரர் ஒரு நாள் சொன்னார்: "தொரசாணி போர்வை புசுபுசுன்னு இருக்கும்டா. உள்ளுக்குள்ள பஞ்சு அடைச்சிருக்கு. ஒரு மூலையில ஒக்காந்தா மறு மூலை எந்திரிச்சு நிக்கும்."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பஞ்சுக்கு எங்கே போவது என்று ஸ்டோரில் நின்று யோசித்தபடி மேலே பார்த்தேன். பஞ்சு அங்கேதான் இருந்தது. தேயிலையைச் சலிக்கும்போது இலையின் மெல்லிய சுணை பறந்துபோய்ச் சுவரிலும் கூரை மரத்திலும் பழுப்பு நிறத்தில் மெத்தென்று படியும். வாரம் ஒருமுறை கூட்டி எருக்குழியில் கொட்டுவோம். தொட்டால் பூனைக்குட்டி முதுகு மாதிரி இருக்கும். வருஷக்கணக்காக அதைத் தும்மிக்கொண்டே கூட்டியவன் நான். அதற்குள் ஒரு துரைசாணிப் போர்வை இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் கேட்டேன்.

"குழிக்குப் போறதுதானே, அள்ளிக்க. எதுக்குடா?"

"புள்ளைக்குப் போர்வை தைக்கிறேங்கய்யா."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "தைச்சு முடிச்சு, என்ன ஆச்சுன்னு எங்கிட்ட வந்து சொல்லணும்" என்றார்.

தை மாதத்தில் ஒரு நாள் போர்வையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தலவாக்கலை, நுவரெலியா, இறம்பொடை என்று மூன்று பஸ். நுவரெலியாவில் சிங்களக் கண்டக்டர் அதை ஒரு விரலால் குத்திப் பார்த்து, "மொகத மல்லி மே?" என்றார். இது என்னவென்று கேட்கிறார். போர்வை என்றேன். முகர்ந்து பார்த்தார். மறுபடி குத்தினார். பிறகு தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

அத்தை போர்வையைத் தரையில் விரித்தார். எனக்குப் பரீட்சை ஆரம்பித்தது.

"இந்தப் பச்சை யாரு சேலை?"

"காளியம்மா ஆயாவோடது. பேரன் பேத்தியெல்லாம் எடுத்தவங்க."

"இந்த மஞ்சப் பூவு?"

"செல்லம்மா அக்கா. எட்டுப் புள்ளைங்க, எட்டும் கல்லு மாதிரி."

அத்தை தலையை ஆட்டிக்கொண்டே ஒவ்வொரு சதுரமாக நகர்ந்தார். எனக்கு எல்லாக் கதையும் மனப்பாடம். தெம்பாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். திடீரென்று விரல் ஒரு நீலக் கோட்டுத் துணியில் நின்றது. தையல்காரர் பையிலிருந்து வந்த துண்டு.

"இது?"

"அது... பெரிய கங்காணியோட அம்மா சேலை. தொண்ணூறு வயசு."

மாமா குனிந்து பார்த்தார். "அந்த அம்மாவுக்குப் பொத்தான் ஓட்டை எதுக்கு?"

துணியின் ஓரத்தில் பொத்தான் ஓட்டை ஒன்று வாயைத் திறந்துகொண்டு நின்றது. அத்தை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நல்லவேளை, அத்தை அதற்குள் போர்வையைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டார். அழுத்திய இடம் மெதுவாக எழுந்து வந்தது. மறுபடி அழுத்தினார். மாமாவையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நல்லாத்தான் சூடா இருக்கு" என்றார் அத்தை. பிறகு, என் வாழ்நாளில் அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை: "மாப்பிள்ளைக்கு மூளை இருக்கு. நாளைக்குக் காலையில பஸ்ஸுக்குக் கெளம்புங்க."

பிள்ளையை அதில் கிடத்தினார்கள். அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டான். மறக்கவில்லை. மாமா வீட்டுப் பின்புறக் கோடியில் விறகு பிளக்கப் போனார். பாக்கியம் துணிமணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். அந்தப் பத்து நிமிஷம் நான் ராஜா.

பத்தாவது நிமிஷத்தில் மாமா கோடாலியோடு வாசலில் வந்து நின்றார்.

"யாரு தேத்தண்ணி ஊத்துனது? எனக்கு இல்லையா?"

யாரும் தேத்தண்ணி ஊற்றவில்லை. ஆனால் வாசம் வீடு முழுக்க இருந்தது. போர்வையிலிருந்து லேசாக ஆவிகூடப் பறந்தது. கைக்குழந்தை செய்கிற வேலையைத்தான் பிள்ளை செய்திருந்தான். மிச்ச வேலையைத் தேயிலை பார்த்துக்கொண்டது.

அத்தை பிள்ளையைத் தூக்கினார். முதுகிலிருந்து தொடை வரைக்கும் நல்ல செம்பழுப்பு நிறம். குதிகாலிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"ஐயையோ, புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சே" என்று அவர் போட்ட கூச்சலில், அழுத்திப் பார்த்துவிட்டுப் போன இரண்டு பேரும் திரும்பி ஓடி வந்தார்கள். மாமா மட்டும் பதறவில்லை. முப்பது வருஷம் ஸ்டோர் வேலை பார்த்தவர். போர்வையின் மூலையைப் பிரித்தார், ஒரு சிட்டிகை எடுத்தார், முகர்ந்தார், பெரிதாகத் தும்மினார்.

"புள்ளைக்கு ஒன்னும் இல்ல. மாப்பிள்ளை ஸ்டோர் கூட்டுன குப்பைய அடைச்சுக் கொண்டாந்திருக்காரு."

அத்தை போர்வையைத் தள்ளி வைத்தார். வெந்நீரில் பிள்ளையைக் கழுவினார், துடைத்தார், தன் சேலையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "சித்திரை பொறக்கட்டும்."

பாக்கியம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கிட்டே போய், "அழாத பாக்கியம்" என்றேன். திரும்பினாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சே வரவில்லை.

தனியாகத் திரும்பி வந்தேன். மறுநாள் டீமேக்கர் ஐயா கூப்பிட்டார்.

"என்னடா ஆச்சு?"

"சாயம் எறங்கிருச்சுங்கய்யா."

சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "நெறம் எப்படி?"

அந்தப் பிள்ளைக்கு இப்போது மீசை நரைத்துவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும், "எனக்குத் தேத்தண்ணி வேணாங்க, நான் அதுல ஊறி வளந்தவன்" என்று ஆரம்பித்து, என் மானத்தை வாங்கிவிட்டுத்தான் உட்காருகிறான். வீட்டில் நான் ஏதாவது புதுத் திட்டம் சொன்னால் போதும், அவன் தாய் அன்றைக்கு எனக்குச் சொன்ன ஒற்றை வார்த்தைப் பதிலை எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். பேத்திகூட.

அந்தப் பதிலை நான் வாங்கியது மாசிக் கடைசியில். சித்திரைக்குக் காத்திராமல், பாக்கியம் தன் அப்பாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்து பஸ்ஸைவிட்டு இறங்கினாள். பிள்ளை என் போர்வைக்குள் இருந்தான். அதே பச்சை, அதே மஞ்சள் பூ, அதே பொத்தான் ஓட்டை. என் கோணல் தையலில் ஒன்றைக்கூட அவள் பிரிக்கவில்லை. ஒரு மூலையில் மட்டும் பழுப்புக் கறை. ஆனால் போர்வை மெலிந்து, வழுவழுவென்று, கதகதப்பாக இருந்தது. என் ஆவல் என்னை விடுமா? அழுத்திப் பார்த்தேன். மறுபடி அழுத்திப் பார்த்தேன்.

"உள்ளுக்கு என்ன வச்சுத் தைச்ச, பாக்கியம்?"

பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"துணி."