பொன்னெழில் நகரின் ரகசியக் காப்புத் தீர்மானம்

ஜோதியையே ஊரறிய ஏற்றிக் காட்டும் திருவண்ணாமலையில், ரகசியம் காக்கத் தெரிந்த ஒரே இடம் வேங்கிக்கால் பொன்னெழில் நகர்தான். குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் அப்பாதுரையாகிய நானே சொல்கிறேன், தாராளமாக நம்பலாம்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முந்நூற்றுப் பதினெட்டுப் பேர். புதிதாகக் குடிவருகிறவர்களை போட்டோ, செல் நம்பர், கதவு எண்ணோடு வரவேற்பது சங்கத்தின் 'பண்பாடு'. லேப் டெக்னீஷியன் வினோதினியையும் அப்படித்தான் வரவேற்றோம். மறுநாளே வந்து நின்றாள்.

"சார், அதை அழிச்சிடுங்க. அடிச்சே கொல்லப் பார்த்த புருஷன்கிட்டேருந்து தப்பிச்சு வந்திருக்கேன். ஃபேஸ்புக்கக்கூட பூட்டி வெச்சிருக்கேன். நான் இங்க இருக்கறது அவருக்குத் தெரியக் கூடாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இத முன்னாடியே சொல்றதில்லயாம்மா?" என்று கடிந்துகொண்டு, அன்று மாலையே அவசரக் கூட்டம் கூட்டினேன்.

பொருளாளர் கலையரசன் நியாயமாகக் கேட்டார்: "யாரப் பத்தி வெளிய பேசக் கூடாதுனு ஜனங்களுக்குத் தெரிய வேணாமா?"

வேண்டும்தானே. பழைய பதிவை அழித்துவிட்டு, 'அதிமுக்கிய ரகசிய அறிவிப்பு' வெளியிட்டோம். அவள் போட்டோ, கதவு எண், வேலைக்குப் போகும் பஸ் நேரம், கணவர் பெயர், 'இவற்றை எவரிடமும் கூறாதீர்' என்ற கடும் எச்சரிக்கை. அடியில், வழக்கம்போல், 'அதிகம் பகிரவும்'.

பகிர்ந்தார்கள். கட்டுப்பாடான ஜனங்கள். நாலே நாளில் கிரிவல அன்னதானக் குழு வழியாக அது அவள் கணவர் ஊரான போளூர் வரை போய்ச் சேர்ந்தது. ஐந்தாம் நாள் வெளியூர்க்காரர் ஒருவர் என்னிடம் வந்து, கையிலிருந்த போனில் எங்கள் அறிவிப்பைக் காட்டினார்.

"இந்த வீடு எதுங்க?"

நான் அசருகிற ஆளா? "சொல்லக் கூடாதுனு தீர்மானம் போட்டிருக்கோம். அந்தப் பச்சை கேட் வீட்ட யாருக்கும் காட்ட மாட்டோம்."

நன்றி சொல்லிவிட்டு நேராகப் பச்சை கேட்டுக்குப் போனார். எதிர்வீட்டுத் தங்கம்மாள் உடனே போலீசைக் கூப்பிட்டதால் கதவு மட்டும்தான் உடைந்தது. சங்கத்துக்கு இது வெற்றியே.

மறுநாள் வினோதினி மூட்டை முடிச்சோடு ஆட்டோவில் ஏறினாள். பதிவேட்டை நீட்டினேன்.

"புது அட்ரஸ் எழுதிட்டுப் போம்மா. ரகசியமா வெச்சுக்கறோம்."

அவள் பேனாவைத் தொடவில்லை.

"அவர பிளாக் பண்றதுக்கு போன்ல பட்டன் இருந்துச்சு சார். உங்கள பிளாக் பண்ணணும்னா வீட்டயே காலி பண்ண வேண்டியிருக்குது."