பட்டப் பொருத்தச் சட்டம்

சுபிட்சபுரி எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஓர் ஆறு, அதன்மேல் ஒரே ஒரு பாலம், இரு கரையிலும் சேர்த்து ஆயிரத்து இருநூறு கல்லூரிகள். இந்த மூன்றும் எங்கே இருந்தாலும் அதைச் சுபிட்சபுரி என்று வைத்துக்கொள்ளலாம். அதை ஆண்டவர் மாமன்னர் நிரந்தர வர்மர். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை குடிமக்கள் வெயிலில் வரிசையாக நின்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எதிர்த்துப் போட்டியிட வேண்டியவர்கள் அந்தச் சமயம் பார்த்து எப்படியோ சிறையில் இருந்தார்கள்.

அந்த நாட்டில் வீட்டுக்கு ஒருவராவது பட்டம் வாங்கியாக வேண்டும். கல்லூரிகள் எல்லாம் மந்திரிகளுடையவை என்பதால் இது கட்டாயம். பட்டம் வாங்கியவர்கள் கிடைத்த வேலையைப் பார்த்தார்கள். வேதியியல் முதுகலை முடித்தவர் ஜவுளிக்கடையில் துணி கிழித்தார். இயற்பியல் முடித்தவர் பஸ் நிலையத்தில் வடை சுட்டார். மருந்தியல் படித்த ஒருவர் மருந்துக்கடை வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். அவராவது படிப்புக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாரே என்று ஊரில் பலருக்குப் பொறாமை.

ஒருநாள் அரண்மனை விருந்தில் பக்கத்து நாட்டுத் தூதர் பாயசம் குடித்துக்கொண்டே கேட்டார்: "தங்கள் நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலை பார்க்கிறார்களாமே?"

மன்னருக்கு அதற்குமேல் பாயசம் இறங்கவில்லை. மறுநாள் காலையிலேயே சபை கூடியது.

"படித்தவர்களுக்கு ஏற்ற வேலைகளை உண்டாக்கலாம்" என்றார் வயதான ஓர் அமைச்சர். அன்று மாலையே அவருக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது. கல்லூரிகளைக் குறைக்கலாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பிறகு கல்வி மந்திரி புஜங்கராயர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"மாமன்னரே, படிப்பும் வேலையும் பொருந்தவில்லை என்பதுதானே குற்றச்சாட்டு? வேலை என்பது மண்ணிலும் இரும்பிலும் இருக்கிறது. அதை மாற்றுவது சிரமம். படிப்போ வெறும் காகிதத்தில் இருக்கிறது. காகிதத்தை மாற்றிவிடுவோம்."

சபை எழுந்து நின்று கைதட்டியது. பட்டப் பொருத்தச் சட்டம் பிறந்தது.

சட்டத்தில் சிக்கல் எதுவும் இல்லை. குடிமக்கள் தங்கள் சான்றிதழோடு வட்டார அலுவலகத்துக்கு வர வேண்டும். அங்கே பாடத்தின் பெயர்மேல் ஒரு வெள்ளைச் சீட்டை ஒட்டி, அவர் இன்றைக்கு என்ன வேலை பார்க்கிறாரோ அதை எழுதி முத்திரை குத்துவார்கள். வடை சுட்டவர் எண்ணெய்ப் பண்டவியலில் முதுகலைப் பட்டதாரி ஆனார். மூன்றே மாதத்தில் நாட்டில் நூற்றுக்கு நூறு பேர் படித்த படிப்புக்கேற்ற வேலையில் இருந்தார்கள். தூதர் வாழ்த்துக் கடிதம் அனுப்பும்படி ஆயிற்று.

அதோடு விட்டிருந்தால்கூடத் தொலைகிறது என்று இருந்திருக்கலாம். பழைய பாடத்தைப் பற்றி வாய் திறப்பது ஆள்மாறாட்டம் என்று இரண்டாவது சட்டம் வந்தது. காந்தம் ஏன் ஆணியை இழுக்கிறது என்று பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்ததற்காக வடைக்காரர் ஆறு நாள் காவலில் இருந்தார். எந்த வேலைக்கு மனுப்போட்டாலும் அந்த வேலையின் பட்டம் வேண்டும் என்றது மூன்றாவது சட்டம். பட்டமோ பார்க்கிற வேலையின் பெயரில்தான் இருக்கும். ஆக, வடை சுடுகிறவர் சாகும்வரை வடைதான் சுட வேண்டும். ஒருவன் ராத்திரி பகலாகக் கண் விழித்துப் படித்ததை ஒரு துண்டுக் காகிதத்தால் மூடிவிட்டு, அதற்கு விழாவும் எடுத்தார்கள். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

செண்பகவல்லி என்றொரு பெண் இருந்தாள். பாலம் கட்டும் படிப்பை நான்கு வருடம் படித்து நாட்டிலேயே முதலாவதாக வந்து பதக்கம் வாங்கியவள். வேலை கிடைக்காமல், முதுகில் பெரிய பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சான்றிதழில் 'உணவு விநியோகவியல்' என்று சீட்டு ஒட்டினார்கள்.

"ஓரமா ஒட்டுங்கண்ணே. மெடல்னு இருக்கிற இடத்தையாவது விடுங்க" என்றாள்.

"விட்டாச்சும்மா. எதுல மெடல்னு இனிமே யாரு கேக்கப்போறா?" என்றார் குமாஸ்தா.

அவளுக்கு ஓர் அக்கா, பெயர் கோமதி. தங்கை படிக்கட்டும் என்று எட்டாம் வகுப்போடு நின்று அக்கரையில் உள்ள நூற்பாலைக்குப் போனவள். தினமும் காலையில் ஆலை வேனில் பாலத்தைக் கடப்பாள். செண்பகவல்லியும் நாளைக்குப் பத்து முறை அதே பாலத்தைக் கடந்தாள். பாலத்தைக் கடக்கும்போது எல்லோரும் ஆற்றைப் பார்ப்பார்கள். அவள் பாலத்தைப் பார்த்தாள். மூன்றாவது தூணில் ஒரு விரிசல் தெரிந்தது.

படித்துறையில் இறங்கிப் போய்ப் பார்த்தாள். முதலில் நகம் நுழைந்தது. அடுத்த மாதம் விரலே நுழைந்தது. விரிசலின் இரு பக்கத்தையும் சேர்த்து ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்து ஒட்டினாள். விரிசல் அசையாமல் இருந்தால் கண்ணாடியும் அப்படியே இருக்கும். மறுநாள் அது இரண்டாக உடைந்திருந்தது. அன்றைக்கே மனு எழுதிக்கொண்டு பாலத் துறைக்கு ஓடினாள்.

அதிகாரி மனுவைவிட்டு அவளுடைய சான்றிதழைப் படித்தார். "தங்கள் துறை உணவு விநியோகம். சாம்பார் சிந்தியது, பொட்டலம் ஆறிப்போனது ஆகியவை குறித்து மனு அளிக்கத் தங்களுக்கு முழு உரிமை உண்டு. பாலம் குறித்து அளித்தது ஆள்மாறாட்டம். முதல் முறை என்பதால் எச்சரித்து அனுப்பப்படுகிறீர்கள்."

அவள் விடவில்லை. இரண்டு நாள் வாசலிலேயே நின்று, தலைமைப் பாலப் பொறியாளரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் படித்துறைக்கு அழைத்து வந்துவிட்டாள். அவர் பெயர் கொண்டல்ராயர். கல்வி மந்திரியின் மைத்துனர். படித்தது தீவனப்புல் வளர்ப்பு. நன்றாகவே படித்தவர். ஆனால் சட்டம் வந்த அன்று அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி பாலத் துறையுடையது. ஆகவே வெள்ளைச் சீட்டில் 'பாலக் கட்டுமானம்' என்று எழுதிவிட்டார்கள், தங்கப் பதக்கத்தோடு.

"இங்க பாருங்கய்யா. போன மாசம் நகம் போச்சு, இப்ப விரல் போவுது. கண்ணாடி ஒட்டினேன், ஒரே நாள்ல ஒடஞ்சிருச்சு. விரிசல் நகருதுய்யா. வண்டிய நிறுத்துங்க."

கொண்டல்ராயர் குனிந்து பார்த்தார். விரிசலுக்குள் ஒரு புல் முளைத்திருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கொழுக்கட்டைப் புல்லு! மாட்டுக்கு அவ்வளவு நல்லது. சிமெண்டுல இப்படிச் செழிச்சு வந்திருக்கே!"

அந்த வருடம் பாலத் துறையில் சொல்லப்பட்ட ஒரே சரியான விஷயம் அதுதான். பிறகு அவர் நிமிர்ந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, எனக்குப் புல்லுதான் தெரியும். அத்தான் உக்காருன்னாரு, உக்காந்தேன்."

"அப்ப தெரியாதுன்னு எழுதிக் குடுங்க. அது போதும். தெரிஞ்சவங்க யாரையாவது அனுப்புவாங்க."

"எழுத முடியாதும்மா. தன் பட்டத்தத் தானே மறுத்தா ராஜத்துரோகம். நாலாவது சட்டம் போன வாரம்தான் வந்துச்சு."

அவர் அலுவலகத்துக்குப் போய் அறிக்கை எழுதினார்: 'பாலம் பசுமையாகவும் உறுதியாகவும் உள்ளது.'

திங்கட்கிழமை காலையில் செண்பகவல்லி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"போவாதக்கா. ஒரு வாரம் லீவு போடு."

"பாலம் விழுமுன்னா கவர்மெண்ட்டு சொல்லாதா?"

"நான்தான் சொல்றேன்ல!"

கோமதி டிபன் பாக்ஸை மூடினாள். தங்கையின் கன்னத்தைத் தட்டினாள். "நீ சாப்பாடு கொண்டு போறவன்னுதானடி காகிதத்துல இருக்கு. அதக் காட்டியா நான் மில்லுல லீவு கேக்க முடியும்? தள்ளு, வேன் வந்துரும்."

எட்டே காலுக்குப் பாலம் விழுந்தது. ஆலை வேனும், ஒரு பஸ்ஸும், நடந்து போனவர்களும் ஆற்றில் விழுந்தார்கள். முப்பத்தொரு பேர் செத்தார்கள். இரு கரையிலும் இருந்த ஆயிரத்து இருநூறு கல்லூரிகளிலும் அப்போது முதல் மணி அடித்துக்கொண்டிருந்தது.

மன்னர் மூவர் குழு அமைத்தார். குழு நாற்பது நாள் யோசித்தது. பாலத்தில் குறை இருக்க வழியில்லை. பொறுப்பானவர் தங்கப் பதக்கம் பெற்ற பாலப் பட்டதாரி. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. வந்த ஒரே மனு சாப்பாடு சம்பந்தப்பட்டவருடையது. அப்படியானால் முப்பத்தொரு பேர் எதனால் செத்தார்கள்? மருத்துவ அறிக்கையை எடுத்துப் பார்த்தார்கள். விழுந்ததால் அல்ல, மூழ்கியதால் என்று அதில் இருந்தது. குழுவுக்கு வெளிச்சம் கிடைத்துவிட்டது.

தீர்ப்பைச் சபையில் புஜங்கராயர் வாசித்தார்: "ஒருவர் எந்த வேலையைச் செய்கிறாரோ அதுவே அவருடைய பட்டம் என்பது சட்டம். இறந்தவர்கள் தங்கள் வாழ்க்கையில் கடைசியாகச் செய்த வேலை நீந்துவது. ஆகவே முப்பத்தொரு பேருக்கும் நீச்சல் பட்டம் முன்தேதியிட்டு வழங்கப்படுகிறது. நீச்சல் பட்டதாரிகள் நீரில் மூழ்கியது அவர்களுடைய தொழில் அலட்சியம். கருணையுள்ள மாமன்னர் அதை மன்னிக்கிறார்."

இந்தத் தடவையும் சபை எழுந்து நின்று கைதட்டியது.

அடுத்த வாரம் செண்பகவல்லியின் வீட்டு வாசலில் ஓர் அலுவலர் வந்து நின்றார். கையில் வெல்வெட் உறை போட்ட சான்றிதழ்.

"கோமதி உங்க அக்காதானங்க? முதல் வகுப்புல தேறியிருக்காங்க."

அவள் வாங்கிப் பார்த்தாள். கோமதியின் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. அதன்கீழ் 'நீச்சல்' என்று இருந்தது. அக்காவுக்கு நீந்தத் தெரியாது. ஆற்றில் கால் நனைக்கக்கூடப் பயப்படுவாள். செண்பகவல்லி வெல்வெட் உறையை மூடினாள். அந்த ஆளை அப்படியே அறைந்துவிடலாம் போலிருந்தது.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

"சான்றிதழ் விநியோகம்."

"அது ஒட்டின சீட்டு. உண்மையில என்ன படிச்சீங்க?"

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை.

"சட்டம்" என்றார்.

"அப்ப இது என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்மா" என்றார் அவர். பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். "வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்துப் போடுங்க. இன்னும் முப்பது வீட்டுக்குப் போகணும்."